கண்ணைப் பறிக்கும் விளக்குகள்

இரவு ஒன்பது மணிக்கு மேல், நடுத்தடுப்பு இல்லாத ஒரு சாலையில் மோட்டார் ஓட்டிச் சென்றவர் எவருக்கும் நாம் கூறப்போவது புதிதன்று. எதிரே வெண்ணிறமான ஒரு ஜ்வாலை தோன்றுகிறது. அது நெருங்க நெருங்கச் சாலை மறைகிறது, ஓரக்கோடு மறைகிறது, ஓரத்தில் சைக்கிள் மிதிப்பவனும் மறைந்து போகிறான். டிம் செய்யும்படி நாம் விளக்கை இரண்டு தரம் அணைத்து ஏற்றுகிறோம். பயனில்லை. எதிரே வரும் கனவான் ஏற்கெனவே டிம் செய்துதான் இருக்கிறார்! கடைத்தெருவில் வாங்கி மாட்டிய அவருடைய விளக்கு தாழ்த்தினாலும் தாழ்வதில்லை.

இதன் காரணத்தை மெக்கானிக்குகள் அறிவார்கள். வாங்குகிறவர்களிடம் சொல்வோர்தாம் சிலர். முன்விளக்கின் கிண்ணமும் பல்பும் ஒன்றுக்கென ஒன்று அளந்து செய்யப்பட்டவை. சாதாரணக் கார்களில் நெடுங்காலமாக இருந்துவரும் எச்-4 ஹாலோஜன் பல்பில் இரண்டு இழைகள் உண்டு: ஒன்று 60 வாட், மற்றொன்று 55 வாட். டிம்முக்குரிய இழையின் கீழே சிறியதோர் உலோகத் தொப்பி இருக்கிறது. கிண்ணத்தின் கீழ்ப்பாதியில் பட்டு மேல்நோக்கித் தெறிக்கக்கூடிய ஒளியை அதுவே மறைக்கிறது. எதிரே வருபவனின் கண்ணைக் காப்பது அந்தத் துண்டு உலோகமே. அந்தப் பல்பைக் கழற்றிவிட்டு, ஒளி பிறக்கும் இடமும் உருவமும் வேறான ஓர் எல்.இ.டி. விளக்கைச் செருகினால் கிண்ணம் என்ன செய்யும்? இழை இருந்த இடம் சிறிது பிசகினாலும் ஒளி நாற்புறமும் சிதறுகிறது. காருக்கு முன்னால் தரை பளிச்சென்று தெரிவதால், மாட்டியவர் பணம் வீண்போகவில்லை என்று மகிழ்கிறார்.

60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. கூசிய கண் தெளிய மூன்று விநாடி ஆனால், 50 மீட்டர் தூரம் குருடன் ஓட்டும் வண்டி அது. அந்த வண்டி தம்மை நோக்கித்தான் வருகிறது என்பதைப் புது விளக்குக்காரர் சற்றே யோசிக்க வேண்டுகிறோம்.

"கம்பெனி கொடுத்த விளக்கு மங்கலாயிருக்கிறதே!" என்பர். மலிவான கார்கள் பலவற்றில் இது மெய்யே, நாம் மறுக்கவில்லை. ஆனால் மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் மஞ்சளித்துப்போன பிளாஸ்டிக் முகப்பாக இருக்கிறது. அல்லது கோணம் தவறிய கிண்ணமாக இருக்கிறது. முகப்பைத் துலக்கிக் கோணத்தைத் திருத்த ஆகும் செலவு அற்பம். பின்புறம் ஆட்களும் மூட்டைகளும் ஏறினால் முன்விளக்கு வானத்தைப் பார்க்கிறது. அதைத் தாழ்த்துவதற்கென்றே பல கார்களில் ஒரு திருகு வைத்திருக்கிறார்கள். அதைத் தொட்டுப் பார்த்தவர் எத்தனை பேர்? 100 வாட் பல்புகள் இரண்டை மாட்டுவோர் வேறோர் ஆபத்தையும் விலைக்கு வாங்குகிறார்கள். 12 வோல்ட்டில் அவை பதினாறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 55 வாட்டுக்காகப் போட்ட மெல்லிய ஒயர் அதைத் தாங்காமல் சூடேறி உருகுகிறது.

மூடுபனி விளக்கின் சங்கதி வேறு. குன்னூர்ச் சாலையிலும், நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் வால்பாறைச் சாலையிலும் வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களுக்கு அது ஆடம்பரமன்று. பனிக்குள் பிரைட் போட்டால் ஒளி நீர்த்திவலைகளில் பட்டு ஓட்டுபவன் முகத்துக்கே திரும்புகிறது. ஆகவே விளக்கு பம்பரின் கீழே தாழ்வாக இருக்க வேண்டும்; ஒளி அகன்று தட்டையாகப் பரவி, மேல்விளிம்பில் வெட்டினாற்போல் நிற்க வேண்டும். மஞ்சளா வெள்ளையா என்று கடையில் நடக்கும் வாதமெல்லாம் இரண்டாம்பட்சம். தனி ஃப்யூஸும் ரிலேயும் வைத்து மாட்டுவது அவசியம். இவ்வளவும் செய்து மலையில் ஏற்றுகிறவரை நாம் வாழ்த்துகிறோம். நட்சத்திரம் பிரகாசிக்கும் இரவில் திருச்சிச் சாலையில் அதையே எரித்துக்கொண்டு வருகிறவரை என் செய்வது?

சட்டம் இல்லையா எனில், உண்டு. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி, விளக்குக்கு முன்னால் 8 மீட்டர் தூரத்தில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசச் செய்யாதபடி ஒளி தாழ வேண்டும் என்கிறது. 2019-ல் திருத்திய சட்டத்தின் 182-ஏ பிரிவு, அனுமதியின்றி வண்டியை மாற்றியமைக்கும் சொந்தக்காரருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமளிக்கிறது. அதே பிரிவு, பத்திரத்துக்கு இன்றியமையாதவையென்று அறிவிக்கப்பட்ட உறுப்புகளைத் தரமின்றி விற்பவனுக்கு, உறுப்பு ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் என்கிறது. ஆயினும் சாலையில் நிறுத்தப்படுவது ஓட்டுகிறவனே. விற்றவன் கடையில் அடுத்த ஜோடியைப் பிரித்துக்கொண்டிருக்கிறான். இந்த நியாயம் நமக்கு விளங்கவில்லை.

சொந்தக் காரின் பதிவு 15 வருஷம் செல்லும். வாங்கிய மறுமாதம் மாட்டிய விளக்கை அதுவரை எந்த அதிகாரியும் பரீட்சிக்கக் கடமைப்பட்டவரல்லர். சர்க்காருக்கு நாம் கூறுவது இரண்டு. அபராதம் விதிக்கும் போலீஸார், விளக்கு வாங்கிய ரசீதையும் கேட்டுப் பெற்று, அந்தக் கடைவாசலுக்குச் செல்லட்டும். பெட்ரோல் பங்குகளில் காற்றுப் பிடிக்கும் இடத்துக்கு எதிரே ஒரு சுவருக்கு வெள்ளையடித்து, உரிய உயரத்தில் ஒரு கறுப்புக்கோடு வரைந்து வைக்கட்டும். தன் விளக்கு அக்கோட்டுக்கு மேல் ஏறுகிறதா என்று காற்றுப் பிடிக்கும் நேரத்திலேயே எவனும் பார்த்துக்கொள்ளலாம். செலவு ஒரு டப்பா சுண்ணாம்பு.