ஈரக்காற்றும் இரைச்சலிடும் ஒலிவாங்கியும்

ஒலிவாங்கி இரையத் தொடங்கியதும் அதனைக் கழித்துவிட்டுப் புதியதொன்றைக் கோருவது நம் பள்ளிகளிலும் களப்பணி அலுவலகங்களிலும் வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் முறையன்று என்பதே எமது கருத்து. காரணத்தை அறியாது கருவியை மட்டும் மாற்றினால், புதியதும் அடுத்த மழைக்காலத்தில் அவ்வாறே இரையும்.

கொல்கத்தாவின் அலிப்பூரை எடுத்துக்கொள்வோம். வங்கக் கடற்கரைக்குப் புயல் எச்சரிக்கை விடுக்கும் மையம் அங்குள்ளது. அவ்வெச்சரிக்கை இறுதியில் சிற்றூரை அடைவது, வண்டியில் செல்லும் பணியாளர் கையிலுள்ள ஒலிவாங்கி வழியாகவே. அது கரகரத்தால் ஊர்ப்பெயரும் நேரமும் மக்கள் செவியில் விழா.

அதே ஊரில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் காற்றின் ஒப்பு ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்திற்கு மேல் நிற்கிறது. இவ்வீரமே ஒலிவாங்கிக்குப் பெரும்பகை. 1916-இல் வெண்ட் என்பார் உருவாக்கிய மின்தேக்கி வகையில், மெல்லிய ஒலித்தகட்டுக்கும் பின்தகட்டுக்கும் இடையே மின்னழுத்தம் நிலவுகிறது. அதனையடுத்த மின்தடைகளோ பல கோடி ஓம் அளவின. காப்புப்பொருளின்மீது கண்ணுக்குப் புலனாகாத ஈரப்படலம் படிந்தாலும் மின்சாரம் கசியும். அக்கசிவே 'பட் பட்' என வெடிப்பது. இதற்குத் திருப்புளி வேண்டுவதில்லை. மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் இரண்டு மூன்று நாள் வைத்தால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிடில், காப்புப் பரப்புகளைத் தூய ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் கைபழகியவர் துடைக்கலாம், விரல் படலாகாது. ஒலித்தகட்டை எவரும் தொடவேண்டா.

பழைய கரித்துகள் வகையின் நோய் வேறு. அதில் துகள்கள் இறுகிவிடுகின்றன. மின்சாரத்தை நிறுத்திய பின்னரே மெல்லத் தட்டித் தளர்த்த வேண்டும். மின்சாரம் ஓடுகையில் தட்டினால் அவை மேலும் ஒட்டிக்கொள்ளும். ரோஷெல் உப்புப் படிகம் கொண்டவையோ ஈரத்தில் கரைவன, ஏறத்தாழ 55 பாகை செல்சியஸில் சிதைவன. அவற்றைக் கழித்துவிடுவதே நன்று. பழமைப் பற்று இங்கு உதவாது.

இவை யாவற்றிற்கும் முன்னர்க் கம்பிவடத்தைப் பாருங்கள். செருகியை ஒட்டிய இடத்தில் அதனைச் சற்று வளைக்கும்போது இரைச்சல் கூடிக் குறைந்தால், குற்றம் வடத்திலேயே உள்ளது. பற்றாசு வைக்கத் தெரிந்த எவரும் அதனைத் தீர்க்கலாம். அறிவியல் ஆசிரியர் இச்சோதனையை மாணவர் முன்னிலையில் செய்துகாட்டலாம். மின்தடைப் பாடத்திற்கு இதனினும் எளிய கருவி கிடைப்பது அரிது.

கழிவுப் பட்டியலில் 'இரைகிறது' என்னும் ஒரு சொல்லை மட்டும் அலுவலகங்கள் ஏற்கலாகாது. வடம் மாற்றிப் பார்க்கப்பட்டதா, ஈரம் உலர்த்தப்பட்டதா என்னும் இரு வினாக்களுக்கும் எழுத்தில் விடை பெற்ற பின்னரே புதியது வாங்க இசைவு தரவேண்டும்.