பாரிஸ் லாட்ஜும் பதினேழு நிமிடமும்

நம்ம ஊரில் ஹோட்டல் என்றால் சாப்பிடுகிற இடம். தங்குவதற்கு லாட்ஜ். இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே ஒரு மரியாதை வித்தியாசம் இருப்பது உங்களுக்கே தெரியும். "ஹோட்டலில் தங்கினேன்" என்றால் பரவாயில்லை. "லாட்ஜில் தங்கினேன்" என்றால் வீட்டில் அம்மா ஒரு மாதிரியாகப் பார்ப்பார். கடல் தாண்டிப் படிக்க வந்த பிறகும் இந்த புத்தி நம்மை விட்டுப் போகவில்லை.

விடுமுறைக்கு பாரிஸ் போகலாம் என்று வகுப்பில் பேச்சு ஆரம்பித்த உடனே மூன்று கட்சி உருவாகிவிட்டது. மாடிக் கட்டில் போட்ட ஹாஸ்டல் கட்சி ஒன்று. நாலு பேர் சேர்ந்து ஒரு ஃபிளாட் எடுக்கலாம் என்கிற கட்சி இன்னொன்று. "காசு போனாலும் பரவாயில்லை, நல்ல இடமா பாருங்கடா" கட்சி மூன்றாவது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இரண்டு நட்சத்திர சின்ன ஹோட்டலுக்கு, அதாவது அசல் லாட்ஜுக்கு, ஓட்டுப் போட ஆளே இல்லை. அந்த ஒரு ஓட்டு என்னுடையது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அந்த அறை அந்த விலைக்கு எப்படிக் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அது கொஞ்சம் உறுத்தலான கதை.

முதலில் அறை. பாரிஸில் மலிவான ஹோட்டல்கள் கார் து நோர், கார் து லெஸ்ட் என்ற இரண்டு ரயில் நிலையங்களைச் சுற்றி கூட்டமாக இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் ரயில் வந்தபோது பயணிகளுக்காக எழுந்த பகுதி இது. கட்டடங்கள் அந்தக் காலத்தவை. மாடிப்படியை வளைத்துக் கட்டிவிட்டார்கள், லிஃப்ட் என்ற ஒன்று அப்போது யார் மனதிலும் இல்லை. பின்னால் படிக்கு நடுவே இருந்த பொந்தில் ஒரு லிஃப்டைச் செருகினார்கள். அதில் நீங்களும் உங்கள் பெட்டியும் ஒன்றாகப் போக முடியாது. பெட்டியை அனுப்பிவிட்டு நீங்கள் படியேற வேண்டும், அல்லது பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏற வேண்டும் :-) இன்னொன்று, இங்கே தரைத்தளம் பூஜ்யம். ஐந்தாவது மாடி என்றால் தரைத்தளத்தையும் சேர்த்து ஆறாவது தளம்.

அறை சின்னது என்று எல்லோரும் அழுகிறார்கள். பிரான்ஸில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் இரண்டு பேர் அறைக்குச் சட்டப்படி குறைந்தபட்சம் 9 சதுர மீட்டர் இருந்தால் போதும். ஐந்து நட்சத்திரத்துக்கே 24 தான். அந்த ஊரின் மையத்தில் இடம் அவ்வளவு அருமை. அந்தச் சின்ன அறையில் கட்டில், ஒரு ஜன்னல், கொக்கி, சுவரோடு ஒட்டிய பலகை மேஜை, அலமாரி மாதிரி ஒரு குளியலறை, எல்லாம் இருக்கும். கெட்டில் பெரும்பாலும் இருக்காது. ஃபிரிட்ஜ் இருக்காது. மக் இருக்கவே இருக்காது (ஒரு தண்ணீர் பாட்டிலை மறக்காமல் எடுத்துப் போங்கள், இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்). பகலெல்லாம் நடந்துவிட்டு இரவு பதினொரு மணிக்கு வந்து விழுகிற உடம்புக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? யோசித்துப் பாருங்கள், நாம் பாரிஸுக்குப் போவது அறையைப் பார்க்கவா?

ஒரே ஒரு எச்சரிக்கை. கோடையில் போனால் கடைசி மாடி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாரிஸ் கூரைகள் துத்தநாகத் தகடு. படத்தில் அழகு, ஜூலையில் அடுப்பு. 2019 ஜூலை 25 அன்று அந்த ஊரில் 42.6 டிகிரி அடித்தது. மலிவு ஹோட்டல்களில் பாதிக்கு மேல் ஏசி எதிர்பார்க்காமல் போவதுதான் புத்திசாலித்தனம். சென்னைக்காரன் எனக்கென்ன என்று சவடால் விடாதீர்கள். சென்னையில் தலைக்கு மேல் ஃபேன் இருக்கிறது. அங்கே அதுவும் இல்லை.

ஊருக்கு வெளியே இன்னும் மலிவாகக் கிடைக்குமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 2025 ஜனவரியிலிருந்து பாரிஸ் வட்டாரம் முழுவதும் மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் விலை ஆகிவிட்டது (அப்போது 2.50 யூரோ. விமான நிலையத்துக்கு மட்டும் தனி, 13 யூரோ). அதனால் தள்ளி இருந்தால் டிக்கெட்டுக்கு அதிகம் ஆகும் என்ற பழைய வாதம் செத்துவிட்டது. மிச்சமிருப்பது நேரம். புறநகர் ரயிலில் போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். இரவு கடைசி வண்டியைப் பிடிக்கிற பதற்றம் வேறு. இரண்டே நாள் இருக்கிறவனுக்கு அது கட்டுப்படியாகாது. ஒரு வாரம் இருப்பவர் தாராளமாக வெளியே தங்கலாம்.

ஃபிளாட் கட்சிக்கு என் பதில் சுருக்கமானது. நாம் இரண்டு இரவு தங்குகிற ஃபிளாட்டில் ஒரு குடும்பம் வருடம் முழுக்க வாடகைக்கு இருந்திருக்கலாம். பாரிஸில் சொந்தக் குடியிருப்பைச் சுற்றுலாக்காரருக்கு விடுவதற்கு வருடத்துக்கு 120 நாள் வரை அனுமதி இருந்தது. 2025-லிருந்து அதை 90 நாளாகக் குறைத்துவிட்டார்கள். பார்சிலோனா 2028-க்குள் சுற்றுலா ஃபிளாட் உரிமங்களையே ஒழிப்போம் என்று 2024-ல் அறிவித்தது. நாம் இங்கே வாடகைக்கு அறை தேடி நாயாய் அலைந்தவர்கள். அந்த வலி நமக்குத் தெரியாததா? ஹாஸ்டல் கட்சியோடு எனக்குச் சண்டை இல்லை. எட்டுப் பேர் குறட்டையில் தூக்கம் வருகிற வரம் பெற்றவர்கள் போகட்டும்.

இனி காசு. மலிவு ஹோட்டலில் திரையில் பார்க்கிற விலை வேறு, கடைசியில் கொடுப்பது வேறு. இந்தக் கலையைத் தொழிலாகவே செய்தவர்கள் உண்டு. 1980-களில் பிரான்ஸில் அக்கோர் நிறுவனம் ஃபார்முல் 1 என்று ஒன்று ஆரம்பித்தது. அறையில் கை கழுவும் தொட்டி மட்டும், குளிக்கவும் மற்றதுக்கும் வராந்தாவில் பொது அறை. ஒவ்வொருவர் போய் வந்த பிறகும் அந்த அறை தானே தன்னைக் கழுவிக்கொள்ளும். இரவில் வரவேற்பில் ஆள் கிடையாது, இயந்திரத்தில் கார்டைத் தேய்த்தால் கதவுக்கு எண் வரும். 2005-ல் லண்டனில் ஈஸிஹோட்டல் வந்தது. டிவி பார்க்கத் தனிக் காசு, தங்கும்போது அறையைச் சுத்தம் செய்யத் தனிக் காசு. ஜன்னல் இல்லாத அறை கூட உண்டு. கேலி செய்தவர்கள் நிறைய. எனக்கு அதில் ஒரு நேர்மை தெரிகிறது. வேண்டியதற்குக் கொடு, வேண்டாததற்குக் கொடுக்காதே.

பாரிஸில் நீங்கள் தவிர்க்க முடியாதது நகர வரி. ஆளுக்கு, இரவுக்கு என்று கணக்கு. ஒலிம்பிக் நடந்த 2024-ல், போக்குவரத்துக்குப் பணம் வேண்டும் என்று ஒரு கூடுதல் வரியைச் சேர்த்து ஏற்றிவிட்டார்கள். அந்த வருடம் இரண்டு நட்சத்திரத்துக்கு 3.25 யூரோ, மூன்று நட்சத்திரத்துக்கு 5.20. இரண்டு பேர் இரண்டு இரவு என்றால் இரண்டு நட்சத்திரத்தில் 13 யூரோ, மூன்றில் 20.80. போகும் வருடத்துக் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆம்ஸ்டர்டாமோடு ஒப்பிட்டால் இது தேவலை. அங்கே 2024-லிருந்து அறை விலையில் 12.5 சதவீதம். ஹோட்டல் காலை உணவைத் தொடாதீர்கள். பத்து நிமிடம் நடந்தால் லா ஷப்பல். ஈழத்து ஆட்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தோசை, கொத்து ரொட்டி, நாட்டுக் காய்கறி, தமிழில் பெயர்ப் பலகை. பாரிஸ் என்பதே மறந்துவிடும்.

அங்கே ஒரு கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஒரு அக்கா கேட்டார், "தம்பி எங்க நிக்கிறீங்கள்?" ஹோட்டல் தெருவைச் சொன்னேன். அவரும் ஹோட்டலில் அறை துப்புரவு செய்கிறவர். வெளிக்கிடும்போது ஒன்று மட்டும் சொன்னார்: "துவாயள எல்லாம் ஒரு இடத்தில குவிச்சுப் போட்டுட்டுப் போங்கோ. குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கிறதுதான் இடுப்ப முறிக்குது."

என் அறை விலையில் அந்த அக்கா எங்கே இருக்கிறார் என்று அப்போதுதான் கணக்குப் போடத் தோன்றியது.

பாரிஸின் வடமேற்கில் ஐபிஸ் பாத்தின்யோல் என்று சுமார் எழுநூறு அறை கொண்ட ஹோட்டல் இருக்கிறது. 2019 ஜூலையில் அங்கே அறை சுத்தம் செய்கிற சுமார் இருபது பேர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து குடியேறிய பெண்கள். அவர்கள் அந்த ஹோட்டலின் ஊழியர்கள் இல்லை, ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். கேட்டது என்ன? ஒரு மணிக்கு மூன்றரை அறை என்ற வேகத்தைக் குறை, கூடுதல் நேரம் பார்த்தால் அதற்கும் கூலி கொடு, ஹோட்டலே எங்களை நேரடியாக வேலைக்கு எடு. ஹோட்டல் வாசலில் மேளம் அடித்து, ஆடி, பாடிப் போராடினார்கள். நடுவில் கொரோனா வந்தது. 22 மாதம் தாக்குப்பிடித்து 2021 மே மாதம் ஒப்பந்தம் ஆனது. சம்பளம் கூடியது, வேகம் மணிக்கு மூன்று அறையாகக் குறைந்தது. நேரடி வேலை மட்டும் கிடைக்கவில்லை. போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான ராஷேல் கேகே, ஐவரி கோஸ்ட்டில் பிறந்தவர், 2022-ல் முன்னாள் விளையாட்டு அமைச்சரைத் தோற்கடித்து பிரான்ஸ் நாடாளுமன்றத்துக்கே போனார். 2024 தேர்தலில் தோற்றார் என்பது தனிக் கதை.

மணிக்கு மூன்றரை அறை என்றால் ஒரு அறைக்குப் பதினேழு நிமிடம். அதற்குள் கட்டில் விரிப்பு மாற்றி, குளியலறை தேய்த்து, தரை கூட்டி, குப்பை எடுத்து, அடுத்த கதவு. உங்களில் யாராவது உங்கள் ரூமைப் பதினேழு நிமிடத்தில் சுத்தம் செய்து காட்டினால் நான் பிரியாணி வாங்கித் தருகிறேன். 2025-ல் பிரான்ஸின் குறைந்தபட்சக் கூலி, பிடித்தம் போவதற்கு முன், மணிக்கு 11.88 யூரோ. பதினேழு நிமிடத்துக்கு சுமார் 3.40. நான் அறைக்குக் கொடுத்தது எண்பதை ஒட்டி. இரண்டு பேருக்கு ஒரு இரவு நகர வரியே 2024 கணக்கில் 6.50. அறையைத் துடைத்துக் கொடுத்தவருக்குப் போவது வரியில் கிட்டத்தட்ட பாதி.

அதனால்தான் "மலிவு வேண்டுமென்றால் அவர்கள் வயிற்றில் அடித்துத்தான் ஆகும்" என்ற வாதத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. மூன்றரையை மூன்றாகக் குறைத்தால் அறைக்கு இருபது நிமிடம், கூலி 3.96. வித்தியாசம் அறைக்கு அறுபது சென்ட் கூட இல்லை. மேலே கட்டுகிற வரி, சலுகை எல்லாம் சேர்த்தாலும் ஒரு யூரோவைச் சுற்றித்தான் நிற்கும். அறை சின்னதாக இருப்பது, ஏசி இல்லாதது, கெட்டில் இல்லாதது, இவையெல்லாம் நாம் மனதார விட்டுக்கொடுக்கிற வசதிகள், அதில் மிச்சமாகிற காசு நேர்மையான மிச்சம். அந்த ஒரு யூரோ மட்டும் நாம் விட்டுக்கொடுத்தது இல்லை.

இந்த இடத்தில் நம் ஆட்களின் இன்னொரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். திரும்பி வந்ததும் இணையத்தில் மார்க் போடுவது. அறை சின்னது, சுத்தத்துக்குப் பத்துக்கு நாலு, கட்டிலுக்கு அடியில் ஒரு முடி கிடந்தது. சரி, கிடந்தது. அந்த நாலு மார்க் யார் தலையில் விழும் என்று நினைக்கிறீர்கள்? பதினேழு நிமிடம் என்று முடிவு செய்தவர் தலையிலா? மூட்டைப்பூச்சி இருந்தால் எழுதுங்கள், ஏமாற்றிக் காசு பிடுங்கினால் பெயர் போட்டு எழுதுங்கள். முடிக்கு வேண்டாம்.

"பூமியைக் காப்போம், தினசரி சுத்தம் வேண்டாம்" என்று கதவில் மாட்டச் சொல்லும் அட்டையைப் பற்றியும் எனக்குச் சந்தேகம் உண்டு. ஒரு இரவு என்றால் சரி. நாலு நாள் பூட்டி வைத்து ஐந்தாம் நாள் திறந்துவிட்டால், அந்த அழுக்குக்கும் அதே பதினேழு நிமிடம்தான். துண்டை மாற்றாமல் இருங்கள், குப்பையை மட்டும் தினமும் வெளியே வையுங்கள். கிளம்பும்போது மேஜையில் இரண்டு யூரோ வையுங்கள், கட்டாயம் இல்லை, ஆனால் நாம் ஒரு காபிக்குக் கொடுப்பதை விடக் குறைவு.

ஆக என் கட்சியின் தேர்தல் அறிக்கை இது: கார் து நோர் பக்கம், இரண்டு நட்சத்திரம், மூன்றாவது மாடிக்குக் கீழே, இரண்டு அறை, காலை உணவு இல்லாமல். கடைசி நாள் வரை ரத்து செய்யக்கூடிய பதிவாக இருக்கட்டும், நம்ம கும்பலில் யார் எப்போது கழன்றுகொள்வார்கள் என்று சொல்ல முடியாது. துவாய்களைக் குவிக்கிற வேலை என்னுடையது. யார் கார்டில் பதிவு செய்வது என்பது மட்டும்தான் பாக்கி. போன தடவை கொடுத்தவருக்கு இன்னும் இரண்டு பேர் காசு தரவில்லையாம், முதலில் அதைக் கட்டுங்கள்.