கையெழுத்துப் போட்ட ஹாக்கி ஸ்டிக்: முதலீடா, ஆசையா?

போன மாசம் ஒரத்தநாடு பக்கத்துல இருந்து ஒரு விவசாயி என் ஆபீசுக்கு வந்தார். கூடவே காலேஜ் டீம்ல ஹாக்கி ஆடுற அவர் பையன். சம்பா நெல்லை கொள்முதல் நிலையத்துல போட்ட பணம் அக்கவுண்ட்டுக்கு வந்திருக்கு. அதுல 1,40,000 ரூபாய்க்கு ஆன்லைன்ல ஒரு பழைய ஹாக்கி ஸ்டிக் வாங்கலாமான்னு கேள்வி. 1975 உலகக் கோப்பை ஃபைனல்ல நிஜமாவே ஆடின ஸ்டிக், டீம் மொத்தமும் கையெழுத்துப் போட்டதுன்னு விக்கிறவர் சொல்றாராம். "அஞ்சு வருஷத்துல நாலு மடங்கு ஆகும் சார்"னான் பையன். அப்பா ஒண்ணும் பேசலை, என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்தார்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஆசைக்கு வாங்கினா அது உங்க இஷ்டம், நான் குறுக்க நிக்க மாட்டேன். முதலீடுன்னு பேர் வெச்சு வாங்காதீங்க.

இந்த 'நாலு மடங்கு' எங்கிருந்து வருது? கனடாவுல இருந்து. 1972-ல சோவியத் யூனியனை ஜெயிச்ச ஐஸ் ஹாக்கி தொடர்ல, கடைசி வெற்றி கோல் அடிச்ச பால் ஹெண்டர்சன் போட்டிருந்த ஜெர்சி 2010-ல 12 லட்சம் டாலருக்கு மேல ஏலம் போச்சு. வேய்ன் கிரெட்ஸ்கியோட ஒரு ஜெர்சி 2022-ல 14 லட்சம் டாலரைத் தாண்டுச்சு. நம்ம ஊர்லயும் 2021-ல பிரதமருக்கு வந்த பரிசுகளை ஏலம் விட்டப்ப நீரஜ் சோப்ராவோட ஈட்டி 1.5 கோடி, சென்னைப் பொண்ணு பவானி தேவியோட வாள் 1.25 கோடி. இந்த மாதிரி செய்தியைக் காட்டித்தான் விக்கிறாங்க.

ஆனா அந்த வாள் விஷயத்துல ஒண்ணை கவனிங்க. வீராங்கனை கையில இருந்து பிரதமர் கைக்கு, அங்கிருந்து நேரா ஏலத்துக்கு. நடுவுல சந்தேகப்பட ஒரு கை கிடையாது. பணமும் கங்கையை சுத்தம் பண்ற திட்டத்துக்குப் போச்சு. ரிட்டர்ன் கணக்குப் போட்டு யாரும் அதை வாங்கியிருப்பாங்கன்னு எனக்குத் தோணலை.

வெளிநாட்டுல மேட்ச்ல ஆடின ஜெர்சிக்கு ஆதாரம் எப்படித் தேடுறாங்க தெரியுமா? கிழிஞ்சு தைச்ச இடம், ஸ்டிக் உரசின தடம், கறை எல்லாத்தையும் அந்த மேட்ச் போட்டோவோட ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. டெல்டாக்காரங்களுக்கு இதை யாரும் புதுசா சொல்லித் தர வேண்டியதில்லை. கொள்ளிடம் தாண்டி அரியலூர் மாவட்டத்துல ஸ்ரீபுரந்தான். அந்தக் கோயில்ல திருடின நடராஜரை ஆஸ்திரேலியாவோட தேசிய கலைக்கூடம் 2008-ல 50 லட்சம் டாலருக்கு மேல கொடுத்து வாங்குச்சு. பல வருஷத்துக்கு முன்னாடியே சிலை இந்தியாவை விட்டுப் போயிட்டதா காட்டுற காகிதம் கூடவே இருந்துச்சு. அத்தனையும் போலி. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துல இருந்த 1994-ம் வருஷப் போட்டோ அதைக் காட்டிக் கொடுத்துச்சு. 2014-ல நடராஜர் திரும்பி வந்தார். அவ்வளவு பெரிய மியூசியமே ஏமாந்த இடத்துல, வாட்ஸ்அப்ல வந்த ஒரு சர்டிஃபிகேட்டை நம்பி நெல்லுப் பணத்தைக் கொடுக்கறதா?

பையன்கிட்ட ஸ்டிக் போட்டோவைப் பெருசு பண்ணிப் பாருன்னேன். அவனே ஆடறவன் இல்லையா, ரெண்டு நிமிஷத்துல முகம் மாறிடுச்சு. அடிப்பக்கம் நல்லா மேல வளைஞ்ச ஹூக். அந்த டிசைனே 1980-கள்லதான் வந்தது. 1975-ல கோலாலம்பூர்ல, நம்ம சென்னை வி.ஜே. பிலிப்ஸ் இருந்த டீம் பாகிஸ்தானை 2-1னு ஜெயிச்சப்ப அப்படி ஒரு ஸ்டிக் உலகத்துலயே இல்லை. "அட்வான்ஸ் 10,000 போட்டுட்டேன் சார்"னு மெதுவா சொன்னான். அப்பாவுக்கு அப்பத்தான் தெரியும். அந்தப் பணம் இதுவரைக்கும் திரும்பி வரலை.

சரி, ஒரிஜினலே கிடைச்சாலும் வரிக் கணக்கைப் பாருங்க. சொந்த உபயோகப் பொருளை வித்தா மூலதன ஆதாய வரி கிடையாது. ஆனா விலை ஏறும்னு கண்ணாடிப் பெட்டியில வெச்சதை சொந்த உபயோகம்னு வாதாடுறது கஷ்டம். 24 மாசத்துக்கு மேல வெச்சு வித்தா லாபத்துல 12.5%, அதுக்குள்ள வித்தா உங்க ஸ்லாப். அடிக்கடி வாங்கி வித்தா வியாபார வருமானம். தாத்தா வாங்கி வெச்சது, உங்களுக்கு வந்துச்சுன்னா அவர் வாங்கின விலைதான் அடக்கம். 2001 ஏப்ரல் 1-க்கு முன்னாடி வாங்கினதுன்னா அன்னைய சந்தை மதிப்பை எடுத்துக்கலாம். ஹாக்கி ஸ்டிக்குக்கு 2001-ல சந்தை எங்க இருந்துச்சு? யார்கிட்ட மதிப்பீடு வாங்குவீங்க? நான் சி.ஏ., என்கிட்ட கேட்டாலும் பதில் இல்லை. தங்கம்னா தெருவுக்கு ஒரு கடை விலை சொல்லும்.

இதுக்கு நேர்மாறா, உங்க வீட்லயே நிஜமான பொருள் இருந்தா? கோவில்பட்டி மாதிரி ஊர்ல, வீட்ல ஒருத்தர் ஹாக்கி ஆடின குடும்பம் எத்தனையோ இருக்கு. அவங்களுக்கு நான் சொல்றது பல்பீர் சிங் சீனியர் கதை. மூணு ஒலிம்பிக் தங்கம் ஜெயிச்சவர். மியூசியம் வரப்போகுதுன்னு 1985-ல 36 மெடல், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் பிளேஸர், நூத்துக்கும் மேல போட்டோ எல்லாத்தையும் இந்திய விளையாட்டு ஆணையத்துக்குக் கொடுத்தார். மியூசியம் வரலை. 2012-ல லண்டன் ஒலிம்பிக் கண்காட்சிக்காகத் தேடினப்ப பொருளும் இல்லை. குடும்பம் ஆர்.டி.ஐ. எல்லாம் போட்டுப் பார்த்துச்சு. 2020-ல அவர் காலமாகிற வரைக்கும் ஒண்ணும் கைக்கு வரலை.

அதனால யார் கேட்டாலும் சும்மா தூக்கிக் கொடுக்காதீங்க. ஒவ்வொரு பொருளுக்கும் போட்டோ, லிஸ்ட், வாங்கிக்கிறவங்க கையெழுத்து, சீல். கொடையா, காட்சிக்கு இரவலான்னு எழுத்துல இருக்கணும். அந்த வீரர் உயிரோட இருந்தா, எந்த மேட்ச்ல ஆடினதுன்னு அவர் கையாலயே நாலு வரி எழுதி வாங்கிடுங்க.

ஒரத்தநாடு ஐயா மீதிப் பணத்துல முதல்ல கூட்டுறவு சங்கத்துல இருந்த நகையை மீட்டார். பையன் கிளம்பும்போது போன்ல ஒண்ணு காட்டினான். 2025-ல மதுரையில நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில ஒரு பிளேயர் இவன் ஸ்டிக்ல கையெழுத்துப் போடறப்ப எடுத்த செல்ஃபி, தேதியோட. "இதுதான்டா சரியான ஆதாரம்"னேன். "இதை விக்க மாட்டேன் சார்"னான். அப்ப இதுக்கு வரி பத்திப் பேச வேண்டாம்னு அனுப்பி வெச்சேன்.