விண்மீனுக்கும் ஒரு கணக்கேடு

விஞ்ஞானம் என்றதும் நம் மாணவர் கண்முன் நிற்பவை கோடி ரூபாய்க் கருவிகளும் கடல்கடந்த ஆய்வுக்கூடங்களுமே. அவை வேண்டாமென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், கருவி கிடைத்த பிறகே ஆராய்ச்சி என்று இருப்பவன் காலமெல்லாம் காத்திருப்பான். வெறுங்கண்ணும் ஒரு குறிப்பேடும் கொண்டு உலக விஞ்ஞானத்திற்கு உதவலாம் என்றால் நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைப்பதற்கு முன் திருவாதிரையின் கதையைக் கேளுங்கள்.

மார்கழித் திருவாதிரைக்குத் தமிழகத்தில் இல்லந்தோறும் களி. இங்கே தனு மாதத்தில் மகளிர் கைகொட்டி ஆடும் திருவாதிரைக்களி. இருவரும் கொண்டாடும் அந்தச் செம்மீனைத்தான் மேலைநாட்டார் பெட்டல்கியூஸ் என்பர். அதன் ஒளி கூடியும் குறைந்தும் வரும் என்பதை 1836இல் சர் ஜான் ஹெர்ஷல் கண்டார். அத்தகைய மீன்களை மாறொளி விண்மீன்கள் என்கிறோம்.

2019ஆம் ஆண்டின் இறுதியில் திருவாதிரை வழக்கத்துக்கு மாறாக மங்கலாயிற்று. 2020 பிப்ரவரியில் அதன் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே எஞ்சியது. வெடிக்கப் போகிறதோ என்று உலகம் அண்ணாந்து பார்த்தது. வெடிக்கவில்லை. விண்மீன் கக்கிய வாயு குளிர்ந்து, தூசுப் படலமாகி, ஒளியை மறைத்தது என்று பின்னர் ஆராய்ந்து கூறினர்.

வழக்கத்துக்கு மாறானது என்று எப்படித் தெரிந்தது? வழக்கம் எது என்பது ஏட்டில் இருந்தது, அதனால் தெரிந்தது. அந்த ஏட்டை எழுதியவர் பலர் வானநூற் பேராசிரியர் அல்லர். 1911இல் தோன்றிய அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கத்துக்குப் பல நாட்டு ஆர்வலர்கள் இரவுதோறும் கண்டதை எழுதி அனுப்பி வந்தார்கள்.

அவர்களுள் ஒருவர் வங்கத்து ராதாகோவிந்த சந்திரர். ஜெசோர் கருவூலத்தில் வேலை பார்த்தவர். பகலில் அரசாங்கத்தின் பணத்தை எண்ணினார். இரவில் விண்மீனின் ஒளியை எண்ணினார். 1918இல் கழுகு மண்டலத்தில் திடீரென ஒளிர்ந்த புதுமீனைத் தம் கண்ணாலேயே கண்டுகொண்டார். 1926இல் அச்சங்கம் அவருக்கு ஒரு தொலைநோக்கியை அனுப்பி வைத்தது. 30,000க்கும் மேற்பட்ட கணிப்புகளை அவர் எழுதினார். அந்தத் தொலைநோக்கி பிற்காலத்தில் வைணு பாப்புவின் கைக்கு வந்து, ஜவ்வாது மலைக் காவலூரைச் சேர்ந்தது.

அவருக்கு முன்பே நம் சென்னையில் ஒருவர் இருந்தார். சென்னை வானாய்வுக்கூடத்து உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் தென்வானத்து ரெட்டிகுலம் மண்டலத்தில் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார். அவர் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

"இன்று தானியங்கிக் கருவிகள் இரவெல்லாம் வானத்தைப் படம் பிடிக்கின்றனவே, மனிதக் கண் எதற்கு?" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. மங்கிய மீன்களைத் தேடச் செய்த அக்கருவிகளுக்குத் திருவாதிரை போன்ற பேரொளி மீன் கூசும், அளக்க முடியாது. மங்கிய மீன்களிலும் மனிதன் தோற்றுவிடவில்லை. 2023 மே மாதம் எம்101 என்னும் அண்டத்தில் வெடித்த விண்மீனை முதலிற் கண்டு அறிவித்தவர் ஜப்பானிய ஆர்வலர் கோய்ச்சி இதகாகி. மேலும், அமெரிக்காவில் பகலாயிருக்கும்போது நமக்கு இரவு. அந்த நேரத்துக் கணக்கை நாம் எழுதாவிட்டால் யார் எழுதுவார்?

முறை எளிது. ப்ரோசியான் என்னும் மீனின் ஒளித்தரம் 0.4, ரோகிணியின் தரம் 0.9. எண் சிறுத்தால் ஒளி மிகுதி. திருவாதிரை இவ்விரண்டுக்கும் சரிநடுவே நின்றால் 0.6 அல்லது 0.7 என்று, நாளும் நேரமும் சேர்த்து எழுதுக. மூன்று மீனும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்கும் வேளை நன்று. நேற்றைய எண்ணைப் பார்த்து இன்றைய எண்ணை எழுதாதீர்கள், கண்டதை எழுதுங்கள். ஒருவர் கணிப்பு சற்றுப் பிழைக்கலாம். பத்துப்பேர் கணிப்பின் சராசரி எளிதில் பிழையாது.

நான் குடியிருக்கும் வலியசாலையில் தெருவிளக்குகளுக்குக் குறைவில்லை. ஆயினும் மொட்டைமாடியில் நின்றால் திருவாதிரை தெளிவாகத் தெரிகிறது. இடவப்பாதி மழை தொடங்கும் நாட்களில் அம்மீன் கதிரவனை அடுத்து மறைந்திருக்கும். ஆகவே அம்மழையால் நமக்கு நட்டமில்லை! 1837இல் சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில் எழுந்த வானாய்வுக்கூடம் இந்நகரிலேயே நம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் நிற்கிறது. பழங்காலக் காந்தளூர்ச்சாலையோடு சேர்த்துப் பேசப்படும் இடம் வலியசாலை. பழம்பெருமை பேச மேடை போடுகிறோம், பேசட்டும். ஆனால் பெருமைக்குரியவர்கள் செய்த வேலையைச் செய்ய யார் முன்வருவது?

பிழைப்புக்கும் படிப்புக்குமாக ஊர்விட்டு வந்த நமக்கு இங்கே நிலமில்லை, வீடில்லை. வானம் மட்டும் நாம் பிறந்த ஊரில் கண்ட அதே வானம். நம் தமிழ்ச் சங்கம் ஒரு குறிப்பேடு வாங்கட்டும். தெளிந்த இரவுதோறும் முறைவைத்து இருவர் ஒரு வரி எழுதட்டும். நாம் பட்டம் பெற்றுப் போன பின் அடுத்து வருவோர் அதே ஏட்டில் தொடரட்டும். ஒரு வரி சிறிது. ஐம்பது ஆண்டு அறாது தொடரும் வரிகள் விஞ்ஞானம். வரும் மார்கழியில் தொடங்குவோமா?