ஆய்வு மாணவரைக் காப்பதே அறிவியலைக் காப்பது

2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் ஒரு பாதி, புதிய புரதங்களைக் கணினியில் வடிவமைத்த டேவிட் பேக்கருக்குச் சென்றது. மறுபாதியை, புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்னும் செயற்கை நுண்ணறிவை உருவாக்கிய டெமிஸ் ஹஸாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும் பகிர்ந்துகொண்டனர். கணினி விரைந்து சொல்லிவிடும் ஒன்றை அறிய ஐந்தாண்டு உழைப்பு எதற்கு என்று முதுநிலை மாணவர் ஐயுறுவது இயல்பே. ஆனால் அந்த ஐயத்துக்கு அடிப்படை இல்லை. கட்டமைப்பு உயிரியலிலும் புரதப் பொறியியலிலும் முனைவர் பட்ட ஆய்வாளரின் தேவை முன்னினும் மிகுந்திருக்கிறது.

ஆல்ஃபாஃபோல்டு கற்றது, 1971இல் தொடங்கப்பட்ட புரதத் தரவு வங்கியிலிருந்து. இன்று அவ்வங்கியில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டமைப்புகள் உள்ளன. புரதத்தைத் தூய்மையாக்கி, படிகமாக வளர்த்து, எக்ஸ் கதிர் பாய்ச்சி, அணுக்களின் இருப்பிடத்தைக் கணக்கிட்டு அவற்றைச் சேர்த்தவர்களுள் மிகப் பலர் ஆய்வு மாணவர்கள். ஜம்பரும் புரத மடிப்பை ஆராய்ந்தே சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

கணிப்பு முடிந்த முடிபன்று. புரதம் உயிரணுவுக்குள் ஓயாது அசைகிறது. மற்றொன்றோடு பிணையும்போது உருமாறுகிறது. நிலைத்த வடிவமே கொள்ளாத புரதங்களும் உண்டு. ஓர் அமினோ அமிலத்தை மாற்றினால் நொதியின் ஆற்றல் கூடுமா, குறையுமா என்பதற்கு ஆய்வுக்கூடமே இறுதிச் சான்று. நொதியின் மரபணுவில் மாற்றங்களைப் புகுத்தி, சிறந்தவற்றைத் தேர்ந்து, அவற்றை மீண்டும் மாற்றும் முறையை 1990களில் நிலைநாட்டிய பிரான்செஸ் அர்னால்டு 2018இல் நோபல் பரிசு பெற்றார். அம்முறையில் விளைந்த நொதிகள் இன்று மருந்துத் தயாரிப்பில் பயன்படுகின்றன.

இத்துறையில் சென்னைக்கு உள்ள உரிமை பெரிது. 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைமையை ஏற்ற ஜி.என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து 1954இல் கொலாஜன் என்னும் புரதத்தின் முப்புரிக் கட்டமைப்பை வெளியிட்டார். ஆய்வுக்கான கொலாஜனை அளித்தது சென்னையிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். புரதத் தொடர் எக்கோணங்களில் திரும்ப இயலும் என்பதைக் காட்டும் இராமச்சந்திரன் வரைபடம் 1963இல் வெளிவந்தது. அதில் உடன் உழைத்த சி. இராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் அவரிடம் ஆய்வு பயின்றவர்கள். கணினி கணித்த கட்டமைப்பையும் உலகம் இன்றுவரை அவ்வரைபடத்தைக் கொண்டே சோதிக்கிறது. ஒரு மாநிலப் பல்கலைக்கழகம், நல்ல நெறியாளர், ஊக்கமுள்ள மாணவர், அண்டை நிறுவனத்தின் துணை ஆகியவை கூடியதன் பயன் அது.

அக்கூட்டு இன்று தளர்ந்திருக்கிறது. இளநிலை ஆய்வாளருக்கான மத்திய உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்தது வரவேற்கத்தக்கது. எனினும் அத்தொகை மாதக்கணக்கில் தாமதமாகிறது என்ற முறையீடு ஓயவில்லை. வாடகைக்கும் உணவுக்கும் கடன் வாங்கும் மாணவரிடம் ஒருமுகப்பட்ட சிந்தனையை எதிர்பார்ப்பது அறமாகாது. உறைகுளிர் மின்னணு நுண்ணோக்கி போன்ற விலையுயர்ந்த கருவிகளோ மிகச் சில நிறுவனங்களிலேயே உள்ளன. மாநிலப் பல்கலைக்கழக மாணவருக்கு அவை எளிதில் எட்டுவதில்லை.

செய்ய வேண்டியவை தெளிவானவை. உதவித்தொகை ஊதியம்போல் மாதந்தோறும் உரிய நாளில் வழங்கப்பட வேண்டும். பொதுப்பணத்தில் வாங்கிய கருவிகளில் மாநிலப் பல்கலைக்கழக மாணவருக்கெனக் குறிப்பிட்ட நேரத்தை ஒதுக்க வேண்டும்; பயணச் செலவையும் ஏற்க வேண்டும். இயற்பியல், கணிதம், கணினியியல் பயின்றோரும் இத்துறைக்குள் வரும்படி சேர்க்கை விதிகள் தளர வேண்டும். காலியாகக் கிடக்கும் ஆசிரியப் பணியிடங்களை நிரப்ப வேண்டும். நெறியாளர் இல்லாத துறையில் மாணவர் சேர வழியேது?

புதிய மருந்தும் தடுப்பூசியும் நெகிழியைச் சிதைக்கும் நொதியும் இவ்வாய்விலிருந்தே பிறக்க வேண்டும். அவற்றை விலை கொடுத்து வாங்கும் நாடாக நிற்பதா, படைக்கும் நாடாக உயர்வதா என்பதை இன்று ஆய்வுக்கூடத்தில் காலடி வைக்கும் இளையோருக்கு நாம் அளிக்கும் ஆதரவே முடிவு செய்யும். அவ்வாதரவுக்கு வரும் நிதிநிலை அறிக்கையிலேயே அரசுகள் உறுதி அளிக்க வேண்டும்.