ஞாயிறு பறை அடித்தால் திங்கள் வேலை போச்சு! கைவலியை மறைக்கும் பகுதிநேரக் கலைஞர்கள்

சென்னை:
ஆடி மாதம் வந்தாலே சென்னையில் தெருவுக்குத் தெரு அம்மன் கோவில் திருவிழாதான். பறை, பம்பை, செண்டை மேளம் என்று காது அதிரும். அடிக்கிறவர்களில் பலர் முழுநேரக் கலைஞர்கள் அல்ல. வாரம் முழுக்க கம்பெனி, ஆட்டோ, பெயிண்டிங், சென்ட்ரிங் வேலை. ஞாயிறு மட்டும் பயிற்சி.

மதுரை வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்தது பறைக்கே கிடைத்த மரியாதை. ஆனால் பறை அடிப்பவர்களின் கைவலி பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

வலி ஏன்?

பறையின் பாரம் இடது தோளில். இடது மணிக்கட்டு வளைந்தபடி நீளக்குச்சியைப் பிடிக்கிறது. வலது கை ஓயாமல் ஓங்கி அடிக்கிறது. கூடவே குதித்து ஆட்டம், முழங்காலுக்கும் அடி. ஆறு நாள் குச்சியைத் தொடாதவர் ஏழாம் நாள் 3 மணி நேரம் அடித்தால் தசைநார் தாங்குமா?

கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலிக்கும். ராத்திரி விரல் மரத்துப்போகும். தோளுக்கு மேல் கை தூக்க முடியாது. 'தைலம் தேய்ச்சா சரியாயிடும்' என்று விட்டால் சிக்கல். தினமும் வலி மாத்திரை போட்டால் வயிறும் கிட்னியும் கெடும்.

யாருக்கு பாதுகாப்பு?

மாதம் 21 ஆயிரம் ரூபாய் வரை சம்பளம் வாங்கும் கம்பெனி தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. தேவையான சந்தா நாட்கள் இருந்தால், டாக்டர் சான்றோடு லீவு எடுப்பவருக்கு 70 சதவீத சம்பளம், வருஷத்தில் 91 நாள் வரை கிடைக்கும். ஆனால் தினக்கூலிக்கு? கை நின்றால் அன்றைக்கு அடுப்பும் நின்றது. அதனால்தான் வலியை வெளியே சொல்வதில்லை. சொன்னால் மேஸ்திரியும் கூப்பிடமாட்டார், குழுவிலும் இடம் போய்விடும்.

என்ன செய்யணும்?

பயிற்சி நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. அரை மணிக்கு ஒருமுறை பறையை இறக்கி வையுங்க. தோள்வாரை அகலமா போடுங்க. வலி ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, விரல் மரத்தாலோ அரசு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. பிசியோதெரபி இலவசம்.

நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு 2007-ல் தனி நல வாரியமே அமைத்த அரசு, திருவிழா சீசனில் ஏரியாவுக்கு ஒரு மருத்துவ முகாம் போடலாமே? ஊரையே ஆடவைக்கிற கை அது. அந்தக் கைதான் வீட்டுக்கும் சோறு போடுகிறது!