மாறாத இடத்தில் இருக்க வேண்டியவை

ஹிஃப்ழ் மாணவர்களிடம் நான் முதல் நாளே வலியுறுத்துவது, மனனம் முடியும்வரை ஒரே முஸ்ஹஃபில்தான் ஓத வேண்டும் என்பதே. 15 வரிப் பிரதியில் பழகியவனுக்கு ஆயத்தோடு அது பக்கத்தில் இருக்கும் இடமும் நினைவில் பதிந்துவிடும். 13 வரிப் பிரதியைக் கையில் கொடுத்தால், நன்கு தெரிந்த இடத்திலும் தடுமாறுவான்.

பார்வையற்றோர் இணையதளத்தைக் கையாள்வதும் ஏறத்தாழ இவ்வாறே என்பதை, மீன்சுருட்டியில் எனக்குத் தெரிந்த பட்டதாரி இளைஞர் ஒருவரிடம் கற்றேன். அவருடைய கைப்பேசியில் டாக்பேக் என்னும் திரைவாசிப்பான் இருக்கிறது. விரலால் ஒருமுறை தள்ளினால் அடுத்த இணைப்பை வாசிக்கும். ‘விண்ணப்பம்’ ஏழாவது தள்ளலில் வரும் என்று அவர் எண்ணி வைத்திருப்பார். அண்மையில் ஓர் உதவித்தொகைத் தளத்தில் அடுத்த பக்கத்திற்குச் சென்றதும் பட்டியலின் வரிசையே மாறிவிட்டது. சில பொத்தான்களுக்குப் பெயரே இல்லை. ‘பொத்தான், பொத்தான்’ என்றே குரல் ஒலித்தது. இறுதியில் படத்திலுள்ள எழுத்துகளைப் பார்த்து எழுதச் சொன்னது. அவர் கணினி மையத்திற்குச் சென்று, முன்பின் அறியாத ஒருவரிடம் ஆதார் எண்ணையும் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் ஒப்படைத்தார். அமானிதம் பற்றி வகுப்பில் பேசும் எனக்கு இது உறுத்திற்று. தம் இரகசியத்தைத் தாமே காத்துக்கொள்ள வல்ல ஒருவரை, பிறரிடம் ஒப்படைக்க வைத்தது எது?

இணைய அணுகல் நெறிகளில் 3.2.3 என்னும் விதி இதற்கென்றே உள்ளது. பல பக்கங்களில் மீண்டும் மீண்டும் வரும் பட்டியல், எல்லாப் பக்கங்களிலும் ஒரே வரிசையில் அமைய வேண்டும். இந்திய அரசும் தன் தளங்களுக்கான வழிகாட்டுதல்களை 2009-லேயே வெளியிட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016-இல். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், எண்ணிம அணுகலும் அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்தது. ஆசிட் வீச்சில் முகமும் கண்களும் சிதைந்தோர், கண் சிமிட்டிக் காட்டச் சொல்லும் வங்கிச் சரிபார்ப்பில் தோற்று நின்றதிலிருந்து எழுந்த வழக்கு அது. பார்வையற்ற ஒருவரும் தனியே மனுச் செய்திருந்தார்.

‘ஒரு சிலருக்காக இவ்வளவா?’ என்போர் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் பார்வைக் குறைபாடு உடையோர் ஏறத்தாழ 50 இலட்சம் பேர். எழுத்தறியாத நம் உம்மாமார்களும் ‘கீழே மூன்றாவது பச்சைக் கட்டம்’ என்று மனனம் செய்துதான் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு அழைப்பு விடுக்கிறார்கள்.

பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மதீனாப் பள்ளியின் முஅத்தின்களுள் ஒருவர். விடிந்துவிட்டது என்று பிறர் சொல்லக் கேட்டே ஃபஜ்ருக்கு பாங்கு சொல்வார்கள். அந்த ஒரு செய்தி தவறாமல் கிடைத்ததால், பொறுப்பு முழுவதும் அவர்களிடமே இருந்தது.

அரசைக் குறை கூறுமுன் நம் ஜமாஅத்துகளையும் பார்க்க வேண்டும். ஸஹர் நேர அட்டவணை, ஜனாஸா அறிவிப்பு, மதரஸா சேர்க்கை ஆகிய யாவற்றையும் வண்ணப் படமாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். அந்த இளைஞரின் கைப்பேசி பெரும்பாலும் ‘படம்’ என்று மட்டுமே சொல்கிறது. அண்டை வீட்டாரின் ஜனாஸா நேரத்தை அவர் ஒருமுறை அடக்கம் முடிந்த பிறகே அறிந்தார். அப்படத்தை அனுப்பியவன் நான். இப்போது படத்தின் கீழே அதே செய்தியை எழுத்திலும் தட்டச்சு செய்கிறேன். முதல் வரியில் பெயர், இரண்டாவதில் நேரம், மூன்றாவதில் இடம்.